ஐ.சி. இலக்கமும் கள்ள உறுதியும்

இலங்கைச் சட்டத்தில் ‘அடையாளத் திருட்டு’ என்று பெயரிட்ட ஒற்றைக் குற்றம் இல்லை. ஒருவருடைய பெயரையும் ஐ.சி. (தேசிய அடையாள அட்டை) இலக்கத்தையும் எடுத்து இன்னொருவர் கடன் பெற்றால் அது ஒரு சட்டத்தின் கீழ் வரும். அதே இலக்கத்தை வைத்து வங்கிக் கணக்குக்குள் நுழைந்தால் வேறொரு சட்டம். ஏ.டி.எம். அட்டையைப் பிரதிசெய்தால் மற்றொன்று. நொத்தாரிசின் முன்னால் போய் நின்று காணியையே விற்றுவிட்டால், விக்டோரியா மகாராணி காலத்துக் கட்டளைச் சட்டத்தைப் புரட்ட வேண்டும். ஆகவே பாதிக்கப்பட்டவர் முதலில் தெளிய வேண்டியது, தன்னிடமிருந்து போனது எது என்பதை. பணமா, பெயரா, காணியா? பணம் போனால் மணித்தியாலக் கணக்கில் ஓட வேண்டும். பெயர் போனால் மாதக் கணக்கில் கடிதம் எழுத வேண்டும். காணி போனால் ஆண்டுக் கணக்கில் நீதிமன்றம் ஏற வேண்டும்.

திருகோணமலையில் மூன்றுக்கும் இடமுண்டு. துறைமுகம், கடற்படைத் தளம், சீனக்குடாவின் பிறிமா மாவாலை, சீமெந்துத் தொழிற்சாலை என்று சம்பளம் நேரே வங்கியில் விழும் வேலைகள் ஒருபுறம். கிண்ணியா, மூதூர்ப் பக்கத்திலிருந்து மத்திய கிழக்குக்குப் போனவர்கள் அனுப்பும் காசு இன்னொருபுறம். அதை எடுப்பவர் பெரும்பாலும் வீட்டிலிருக்கும் தாயோ மனைவியோ. உப்புவெளி, நிலாவெளிக் கரையில் விடுதிகள் வெளிநாட்டு அட்டைகளில் பணம் வாங்குகின்றன. பட்டினத்திலும் உவர்மலையிலும் பூட்டிக் கிடக்கும் சில வீடு வளவுகளின் சொந்தக்காரர்கள் இலண்டனிலோ ரொறன்ரோவிலோ இருக்கிறார்கள். போர்க்கால இடப்பெயர்வுகள், 2004 டிசம்பர் 26 சுனாமி, 2006 இல் மூதூரிலும் சம்பூரிலும் நடந்த மோதல் ஒவ்வொன்றிலும் உறுதி, பிறப்புச் சான்றிதழ், ஐ.சி. என்று கட்டுக் கட்டாகத் தாள்கள் தொலைந்தன. அசல் இல்லாத வீட்டில், போலியை ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இருப்பதில்லை.

இலக்கத்துக்குள் இருப்பது

தேசிய அடையாள அட்டை 1968 இன் 32 ஆம் இலக்க ஆட்களைப் பதிவுசெய்தல் சட்டத்தின் கீழ் வழங்கப்படுவது. பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஈற்றில் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். 2016 இலிருந்து பன்னிரண்டு இலக்கம். பலர் இதை ஏதோ வரிசை எண் என்றே நினைக்கிறார்கள். பழைய அட்டையின் முதல் இரண்டு இலக்கமும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும், பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்று எண்ணினால், அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூட்டப்படும். 85561 என்று தொடங்கும் அட்டை 1985 மார்ச் 1 இல் பிறந்த ஒரு பெண்ணுடையது. கையில் கணக்குப்பொறி கூடத் தேவையில்லை.

வங்கிக்குத் தொலைபேசி எடுத்தால் ஆளை உறுதிப்படுத்தக் கேட்பதும் பெரும்பாலும் இவைதான்: முழுப்பெயர், ஐ.சி. இலக்கம், பிறந்த திகதி. இரண்டாவது தெரிந்தவனுக்கு மூன்றாவதும் தெரியும். ஐ.சி. போட்டோகொப்பியோ சிம் வாங்கிய கடையில், லீசிங் கம்பனியில், வீட்டு வாடகை ஒப்பந்தத்தில், வெளிநாட்டு வேலைக்கென்று கொடுத்த கோவையில், கச்சேரிக்கு அருகே கொப்பி எடுத்த கடையின் குப்பைக்கூடையில் என்று ஊரெங்கும் கிடக்கிறது. கொடுக்கும் கொப்பியின் குறுக்கே எந்தத் தேவைக்கு, எந்தத் திகதியில் கொடுத்தது என்று எழுதிக் கையொப்பமிடும்படி எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் பிற்பாடு அதே கொப்பி ஒரு கடன் விண்ணப்பத்தில் கிடைத்தால், அது எங்கிருந்து கசிந்தது என்று சொல்லும் சாட்சி அந்த ஒரு வரிதான்.

அட்டை தொலைந்தால் பொலிஸில் முறைப்பாடு செய்து, அதன் பிரதியோடு கிராம உத்தியோகத்தர் ஊடாகவும் பிரதேச செயலகம் ஊடாகவும் ஆட்பதிவுத் திணைக்களத்துக்கு விண்ணப்பிப்பது வழமை. புதிய அட்டை வரும், இலக்கம் மாறாது. கடவுச்சொல்லை மாற்றலாம், வங்கி அட்டையை இரத்துச் செய்யலாம், ஐ.சி. இலக்கம் சாகும்வரை அதேதான். அதனால், தொலைந்த அன்று போட்ட பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியை புதிய அட்டை கிடைத்ததும் வீசிவிடக் கூடாது. அந்தத் திகதிக்குப் பிறகு தொலைந்த அட்டையால் நடந்தவற்றுக்கு அதுவே முதல் கேடயம்.

பணம் நகரும் வேகம்

தபால் திணைக்களத்தின் பெயரில் வரும் போலிக் குறுஞ்செய்தி, விமான நிலையச் சுங்கத்தில் பரிசுப்பொதி நிற்கிறது என்ற அழைப்பு, வங்கி அலுவலர் போலப் பேசி ஓ.டி.பி. கேட்பது, நண்பரின் வட்ஸ்அப்பிலிருந்து “அவசரமாக ஒரு இலட்சம் போடு” என்று வருவது எல்லாவற்றின் முடிவும் ஒன்று: பணம் நிமிடங்களில் ஒரு கணக்குக்கும், அங்கிருந்து இன்னொன்றுக்கும் போய், கடைசியில் காசாக எடுக்கப்படுகிறது. எனவே முதல் அழைப்பு பொலிஸுக்கு அல்ல, வங்கியின் 24 மணி நேர இலக்கத்துக்கு. கணக்கையும் அட்டையையும் முடக்கச் சொல்ல வேண்டும். பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்கு உடனே அறிவிக்கச் சொல்ல வேண்டும். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்க வேண்டும். எத்தனை மணிக்கு அறிவிக்கப்பட்டது என்பதே பின்னால் வங்கியின் பொறுப்பு எங்கே தொடங்குகிறது என்ற வாதத்தின் அச்சாணி.

இடைவழியில் நிறுத்திய பணம்தான் திரும்பி வரும் என்பதற்கு இலங்கையையே தொட்டுப்போன ஒரு வழக்கு உண்டு. 2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியின் பெயரில் திருடர்கள் அனுப்பிய கட்டளைகளால் நியூயோர்க்கிலிருந்த அதன் கணக்கிலிருந்து 101 மில்லியன் டொலர் வெளியேறியது. அதில் 20 மில்லியன் இலங்கையின் ஷாலிகா பவுண்டேஷன் என்ற அமைப்பின் கணக்குக்கு வந்தது. கட்டளையில் ‘பவுண்டேஷன்’ என்ற ஆங்கிலச் சொல் எழுத்துப் பிழையாக இருந்ததால் இடையிலிருந்த வங்கி சந்தேகித்தது. அந்த 20 மில்லியன் மீண்டது. பிலிப்பைன்ஸுக்குப் போன 81 மில்லியனில் பெரும்பகுதி சூதாட்ட விடுதிகளுக்குள் கரைந்தது. ஒரு நாட்டின் மத்திய வங்கிக்கே இந்தக் கதி என்றால், சனிக்கிழமை மாலை ஏமாந்துவிட்டு திங்கட்கிழமை வங்கிக் கிளைக்குப் போகும் மீனவரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

மோசடிப் பணம் போய்ச் சேர்ந்த கணக்கை முடக்கும் அதிகாரம் பாதிக்கப்பட்டவருக்கு இல்லை. பொலிஸுக்கும் மத்திய வங்கியின் நிதியியல் உளவறிதல் பிரிவுக்கும் உண்டு. 2006 இல் வந்த நிதிசார் கொடுக்கல் வாங்கல்களை அறிக்கையிடும் சட்டமும் பணம் தூயதாக்கலைத் தடுக்கும் சட்டமும் குறுகிய காலத்துக்கு ஒரு கணக்கை நிறுத்திவைக்க வழிதருகின்றன. அதை நீடிக்க மேல் நீதிமன்றத்தின் கட்டளை வேண்டும். பொலிஸ் முறைப்பாட்டில் பணம் சென்ற வங்கி, கணக்கிலக்கம், திகதி, நேரம் நான்கும் இருந்தால்தான் இந்த இயந்திரம் அசையும். “வங்கியில் இருந்த காசு காணாமல் போய்விட்டது” என்ற ஒரு வரி முறைப்பாடு எந்தக் கணக்கையும் முடக்காது.

தொலைபேசித் தரவுக்கும் ஆயுள் குறைவு. 2007 இன் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம், அழிந்துபோகக் கூடிய தரவை ஏழு நாட்களுக்குப் பாதுகாத்து வைக்கும்படி எழுத்தில் கட்டளையிட விசாரணை அதிகாரிக்கு இடமளிக்கிறது. நீதவான் அதை 90 நாள்வரை நீடிக்கலாம். இந்தப் பிரிவு இருப்பதைப் பாதிக்கப்பட்டவரே முறைப்பாட்டில் எழுதிக் கேட்பதில் தவறில்லை. தன் கைப்பேசியிலிருக்கும் செய்திகளை வெட்கத்தாலோ கோபத்தாலோ அழித்துவிடுவதுதான் தவறு. 2006 இன் மின்னணுக் கொடுக்கல் வாங்கல்கள் சட்டத்தின் பின் குறுஞ்செய்தியும் வட்ஸ்அப் உரையாடலும் நீதிமன்றத்தில் சாட்சியமாக ஏற்கத்தக்கவை. ஆனால் திரையைப் படம்பிடித்த கொப்பியைவிட அசல் கைப்பேசிக்கே நிறை அதிகம்.

பொலிஸ் நிலையத்தில்

முறைப்பாட்டை அருகிலுள்ள பொலிஸ் நிலையத்திலேயே செய்யலாம்: திருகோணமலைத் தலைமையகம், துறைமுகம், உப்புவெளி, சீனக்குடா, கிண்ணியா, மூதூர் எதுவானாலும் சரி. கொழும்பில் குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் கணினிக் குற்ற விசாரணைப் பிரிவுக்கு எழுத்தில் அனுப்பவும் முடியும். 101 என்ற இலக்கத்தில் கிடைக்கும் இலங்கைக் கணினி அவசரநிலைத் தயார்நிலைக் குழு, பறிபோன பேஸ்புக், வட்ஸ்அப் கணக்கை மீட்கத் தொழில்நுட்ப உதவி தரும். அது பொலிஸ் அல்ல. அங்கே சொல்லிவிட்டதால் முறைப்பாடு செய்ததாகிவிடாது.

ஊரில் ‘என்றி போடுவது’ என்று சொல்வார்கள். அட்டை தொலைந்ததற்கான என்றியும் குற்றமொன்று நடந்ததற்கான முறைப்பாடும் ஒன்றல்ல. முன்னது ஒரு பதிவு, அவ்வளவே. பின்னது விசாரணையைத் தொடங்கி வைப்பது. கணக்கிலிருந்து காசு போனவர் பலர் என்றிப் பிரதியோடு வீட்டுக்கு வந்து மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். விசாரணை என்ற ஒன்று தொடங்கவே இல்லை என்பது பிறகுதான் தெரிகிறது. முறைப்பாட்டில் சட்டப் பிரிவைக் குறிப்பிட வேண்டிய கடமை சாதாரண மனிதருக்கு இல்லை. ஆனாலும் தெரிந்திருப்பது நல்லது. தண்டனைச் சட்டக்கோவையின் 399 ஆம் பிரிவு ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுதலை வரையறுக்கிறது. 402 அதற்கு மூன்றாண்டு வரை சிறை விதிக்கிறது. ஏமாற்றி ஒரு சொத்தைக் கைமாற்ற வைத்தால் 403, ஏழாண்டு வரை. போலி ஆவணம் தயாரித்தல், அதை உண்மையானது போலப் பயன்படுத்தல் இரண்டும் 452 இலிருந்து தொடரும் பிரிவுகளில் வருகின்றன. 399 இன் விளக்கத்தில் சுவையான ஒரு வரி உண்டு: யாராக நடித்தாரோ அந்த ஆள் உண்மையில் இருக்க வேண்டியதில்லை. கற்பனைப் பெயரில் பேஸ்புக் கணக்குத் திறந்து ஏமாற்றுபவனை, பேஸ்புக்குக்கு நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்பே 1883 இல் எழுதிய அந்த வரி பிடித்துவிடுகிறது.

2006 இன் 30 ஆம் இலக்கக் கொடுப்பனவுச் சாதன மோசடிச் சட்டம் போலி அட்டைகளையும் அவற்றைச் செய்யும் கருவிகளையும் குறிவைத்தது. 2024 இன் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் இணையவழி ஏமாற்றலையும் ஆள்மாறாட்டத்தையும் தனியாகச் சேர்த்தது. இந்தச் சட்டம் பேச்சுச் சுதந்திரத்தை நெரிக்கும் என்று எழுந்த கண்டனம் நியாயமானது. அந்தச் சத்தத்தில் இந்த இரு பிரிவுகளும் பலர் கண்ணில் படாமலே போயின.

மொழி இங்கே சின்ன விடயமல்ல. அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரைப்படி கிழக்கு மாகாணத்தில் தமிழ் நிருவாக மொழி; முறைப்பாட்டைத் தமிழில் கொடுக்கவும் தமிழில் பதில் பெறவும் உரிமையுண்டு. வாக்குமூலம் விளங்காத மொழியில் எழுதப்பட்டால், அதைத் தமிழில் வாசித்துக் காட்டும்வரை கையொப்பமிடாதிருப்பதே புத்தி. ஒரு கணக்கிலக்கத்தின் ஓர் எண் பிசகினாலும் வழக்கு தடம் மாறும். எழுதிக் கொண்டுபோன தமிழ்க் கடிதத்தை முறைப்பாட்டோடு இணைக்கச் சொல்லி, பிரதியில் திகதி முத்திரை வாங்குவது இதற்கு எளிய மாற்று. பொலிஸ் முறைப்பாட்டை ஏற்கவே மறுத்தால் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கு எழுதலாம். 1979 இன் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 136 ஆம் பிரிவின் கீழ், பாதிக்கப்பட்டவரே சட்டத்தரணி மூலம் நீதவான் நீதிமன்றத்தில் தனியார் பிராதும் தாக்கல் செய்யலாம். அதிகம் பயன்படாத வழி; ஆனால் மோசடி செய்தவர் யாரென்று நன்றாகத் தெரிந்த வழக்கில் பொலிஸைவிட விரைவாக அழைப்பாணை வருவது இதில்தான்.

பாதிக்கப்பட்டவரே சந்தேகநபராகும்போது

பெயர் திருடப்பட்டவருக்குச் செய்தி பெரும்பாலும் தலைகீழாகவே வருகிறது. குருநாகலிலோ காலியிலோ உள்ள ஒரு பொலிஸ் நிலையத்திலிருந்து அழைப்பு: “உங்கள் பெயரிலுள்ள சிம்மிலிருந்து ஒருவரை ஏமாற்றியிருக்கிறார்கள்.” அல்லது, அவர் திறக்காத கணக்கில் யாரோ ஒருவருடைய பணம் விழுந்து போயிருக்கிறது. இந்த இடத்தில் அவர் முறைப்பாட்டுக்காரர் அல்ல, சந்தேகநபர். சட்டத்தரணியுடன் போவதும், அட்டை தொலைந்த முறைப்பாட்டின் பிரதியைக் காட்டுவதும், சிம் விண்ணப்பத்திலும் கணக்குத் திறந்த படிவத்திலும் உள்ள கையொப்பம், புகைப்படம், முகவரி ஆகியவற்றை அழைப்பிக்கும்படி கேட்பதும் அங்கே செய்ய வேண்டியவை. கையொப்பத்தை ஒப்பிடுவதற்கு அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களத்தில் ஆவணப் பரிசோதகர்கள் இருக்கிறார்கள். தன் ஐ.சி.யில் எத்தனை சிம் பதிவாகியுள்ளன என்பதைத் தொலைபேசிக் கம்பனிகளிடம் கேட்டு, தன்னுடையதல்லாதவற்றை எழுத்தில் துண்டிக்கச் சொல்லலாம். கம்பனி இழுத்தடித்தால் தொலைத்தொடர்பு ஒழுங்குறுத்தல் ஆணைக்குழு இருக்கிறது.

இதற்கு நேர் எதிரான இன்னொரு கூட்டமும் உண்டு. “உன் கணக்குக்கு ஒரு காசு வரும், எடுத்துத் தா, ஐயாயிரம் உனக்கு” என்ற பேச்சுக்கு ஏ.டி.எம். அட்டையையும் ரகசிய இலக்கத்தையும் கொடுத்துவிட்ட இளைஞர்கள். அவர்களும் தங்களை ஏமாந்தவர்களாகவே சொல்லிக்கொள்கிறார்கள். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. மோசடிப் பணம் என்று தெரிந்தோ, தெரிந்திருக்க வேண்டிய நிலையிலோ கணக்கை வாடகைக்கு விட்டவர் பணம் தூயதாக்கல் சட்டத்தின் வலைக்குள் வருகிறார். மோசடியின் தலை வெளிநாட்டில் இருக்கும். திருகோணமலைப் பொலிஸின் கைக்கு எட்டுவது கணக்கைக் கொடுத்த பொடியன்தான். தலையைத் தேடுவதற்கு இலங்கைக்கு ஒரு பிடி இருக்கிறது: கணினிக் குற்றங்கள் பற்றிய புடாபெஸ்ட் சமவாயத்தில் தென்னாசியாவில் முதலில் சேர்ந்த நாடு இது, 2015 செப்டம்பர் 1 முதல் அது இலங்கையைக் கட்டுப்படுத்துகிறது. அந்த வழியில் தகவல் கேட்பது பொலிஸின் வேலை, நேரமெடுக்கும் வேலையும் கூட.

எடுக்காத கடன்

லீசிங் கம்பனி ஒன்று, வாங்காத மோட்டார் சைக்கிளுக்குத் தவணை கேட்டுக் கடிதம் அனுப்பினால் அதைக் கிழித்தெறிவது இயல்பு. கிழிக்கக் கூடாது. பதில் எழுத்தில் போக வேண்டும்: அந்த ஒப்பந்தம் தன்னுடையதல்ல, கையொப்பம் தன்னுடையதல்ல, ஒப்பந்தத்தின் பிரதியும் ஐ.சி. கொப்பியும் தருக என்று. பதிவுத் தபாலில் அனுப்பி, அந்தச் சிட்டையை வைத்துக்கொள்ள வேண்டும். மௌனமாக இருந்தால் வழக்குப் போடப்பட்டு, அழைப்பாணை பழைய முகவரிக்குப் போய், ஒருதலைப்பட்சத் தீர்ப்பும் வந்துவிடலாம். அப்படி வந்தால், தீர்ப்பாணை கையளிக்கப்பட்ட பின் குறுகிய தவணைக்குள் மாவட்ட நீதிமன்றத்திடம் அதை நீக்கும்படி கோர வேண்டியிருக்கும்.

1990 இன் 18 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான இலங்கைக் கடன் தகவல் பணியகம், ஊரில் ‘கிறிப்’ என்று அறியப்படுவது, ஒருவர் பெயரிலுள்ள கடன்களைத் திரட்டி வைத்திருக்கிறது. தன்னைப் பற்றிய அறிக்கையை எவரும் கேட்டுப் பெறலாம். ஐ.சி. தொலைந்த எவரும் ஆறு மாதம் கழித்து ஒருமுறை இதைப் பார்ப்பது, பிற்பாடு வீட்டுக் கடனுக்குப் போய் அவமானப்படுவதைத் தவிர்க்கும். தவறான பதிவைப் பணியகம் தானாகத் திருத்தாது. தகவல் கொடுத்த வங்கியோ நிதி நிறுவனமோதான் திருத்தி அனுப்ப வேண்டும். அது மறுத்தால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்திடம் 1935 என்ற இலக்கத்தில் முறையிடலாம். நிதியியல் நுகர்வோர் பாதுகாப்புக்கென 2023 இல் வந்த ஒழுங்குவிதிகள் நிறுவனங்கள் முறைப்பாட்டைக் கையாள வேண்டிய விதத்தைக் கட்டாயமாக்கியுள்ளன. நிதியியல் குறைகேள் அதிகாரியிடமும் போகலாம், ஆனால் எங்கே போனாலும் முதல் கேள்வி “வங்கிக்கு எழுதினீர்களா, என்ன பதில் சொன்னார்கள்?” என்பதாகவே இருக்கும்.

ஓ.டி.பி.யைத் தானே சொல்லிக்கொடுத்தவரின் வழக்கு இங்கே பலவீனமானது. வங்கிகள் அதையே சொல்லித் தட்டிக்கழிக்கின்றன. அது முழு உண்மையுமல்ல: வழக்கத்துக்கு மாறான பெருந்தொகை நள்ளிரவில் புதிய கணக்கொன்றுக்குப் போனபோது வங்கியின் கண்காணிப்பு என்ன செய்தது, அறிவித்த பிறகும் எவ்வளவு நேரம் கணக்குத் திறந்திருந்தது என்ற கேள்விகளுக்கு வங்கி பதில் சொல்லியே ஆக வேண்டும்.

கள்ள உறுதி

திருகோணமலையில் மிகப் பெரிய அடையாளத் திருட்டு கணினியில் நடப்பதல்ல. அது மை பூசிய பெருவிரலால் நடக்கிறது.

1840 இன் 7 ஆம் இலக்க மோசடித் தடைக் கட்டளைச் சட்டத்தின்படி காணியைக் கைமாற்றும் எந்த ஆவணமும் நொத்தாரிசு ஒருவர் முன்னும் இரண்டு சாட்சிகள் முன்னும் ஒப்பமிடப்பட வேண்டும். இல்லையென்றால் அது செல்லாது. ஆளை நொத்தாரிசுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அல்லது சாட்சிகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இதுதான் பூட்டு. கள்ள உறுதி எழுதுபவன் இந்தப் பூட்டை உடைப்பதில்லை, சாவியைச் செய்கிறான். வெளிநாட்டிலிருக்கும் சொந்தக்காரர் வயதை ஒத்த ஒருவர், அவர் பெயரில் போலி ஐ.சி., தெரியும் என்று சொல்ல இரண்டு சாட்சிகள். அல்லது, சொந்தக்காரர் எழுதிக்கொடுத்ததாக ஒரு போலி அற்றோர்னித் தத்துவம். இப்படி நடந்த மோசடிகள் பெருகியதால்தான் 2022 இல் மோசடித் தடை, நொத்தாரிசு, அற்றோர்னித் தத்துவம், ஆவணப் பதிவு பற்றிய பழைய சட்டங்கள் ஒன்றாகத் திருத்தப்பட்டன.

சொந்தக்காரருக்கு ஆறுதலான விதி ஒன்று ரோம டச்சுச் சட்டத்திலிருந்து வருகிறது: தன்னிடம் இல்லாத உரிமையை எவரும் இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது. போலிக் கையொப்பத்தால் எழுந்த உறுதி உரிமை எதையும் கடத்தாது. அதைக் கோடி ரூபாய் கொடுத்து நல்லெண்ணத்தோடு வாங்கியவருக்கும் காணி சேராது. காணிப் பதிவகத்தில் பதிந்துவிட்டதாலும் பொய் மெய்யாகாது. இந்த விதியால் வாங்கியவரும் இன்னொரு பாதிக்கப்பட்டவராகிறார். அவருக்கு மிஞ்சுவது விற்றவன் மீது பண வழக்கு; விற்றவன் பெரும்பாலும் காணாமல் போயிருப்பான்.

ஆனால் விதி இருப்பது ஒன்று, நிரூபிப்பது இன்னொன்று. மாவட்ட நீதிமன்றத்தில் உரிமை வழக்குப் போட்டு, உறுதி செல்லாதென்று பிரகடனம் கேட்க வேண்டும். இங்கே கையில் எடுக்க வேண்டியவை சில. முதலாவது, காணிப் பதிவகத்தின் பதிவேட்டு இதழ்: எந்த உறுதி எந்தத் திகதியில் பதியப்பட்டது என்பது அதில் தெரியும். இரண்டாவது, நொத்தாரிசின் இரண்டாம் பிரதி. நொத்தாரிசு ஒரு மாதத்தில் எழுதிய உறுதிகளின் இரண்டாம் பிரதிகளை அடுத்த மாதம் 15 ஆம் திகதிக்குள் பதிவகத்துக்கு அனுப்பக் கட்டுப்பட்டவர். அசலும் இரண்டாம் பிரதியும் பொருந்தாமலிருப்பது, அல்லது பிரதியே வராமலிருப்பது, பல கள்ள உறுதிகளின் முதல் வெடிப்பு. மூன்றாவது, உறுதியில் குறித்த நாளில் சொந்தக்காரர் எங்கே இருந்தார் என்பது. அன்று அவர் ரொறன்ரோவில் இருந்ததைக் கடவுச்சீட்டு முத்திரையும் குடிவரவுத் திணைக்களப் பதிவும் காட்டினால், வழக்கின் பாதி அங்கேயே முடிந்துவிடும். சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 68 ஆம் பிரிவுப்படி உறுதியை நம்பியிருக்கும் தரப்பு அத்தாட்சிச் சாட்சிகளில் ஒருவரையாவது கூண்டில் ஏற்ற வேண்டும். அந்தச் சாட்சிக்குச் சொந்தக்காரரின் வீட்டு வாசல் எந்தத் திசை என்று தெரியாமல் போகும் காட்சி நீதிமன்றங்களுக்குப் புதிதல்ல.

வழக்குத் தாக்கல் செய்த கையோடு நிலுவை வழக்கைக் காணிப் பதிவகத்தில் பதிந்துவிட வேண்டும். பதிந்தால், வழக்கு நடக்கும்போது காணியை வாங்குபவரையும் தீர்ப்பு கட்டுப்படுத்தும். பதியாவிட்டால் கள்ள உறுதிக்காரன் அடுத்தவருக்கும், அடுத்தவர் இன்னொருவருக்கும் விற்று, எதிராளிகளின் வரிசை நீளும். இன்னும் எதுவும் நடக்கவில்லை, சந்தேகம் மட்டுமே என்றால், 1927 இன் ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் 32 ஆம் பிரிவின் கீழ் கட்டணம் செலுத்தி எச்சரிக்கைப் பதிவு, அதாவது ‘கேவியட்’, போடலாம். அந்தக் காணி தொடர்பாக எந்த ஆவணம் பதிவுக்கு வந்தாலும் போட்டவருக்கு அறிவித்தல் வரும். வெளிநாட்டில் வாழ்ந்துகொண்டு ஊரில் காணி வைத்திருப்பவருக்கு இதைவிட மலிவான காவல் கிடையாது. இதைப் பற்றி ஊரில் பேசுபவர் மிகக் குறைவு என்பதுதான் வியப்பு.

காலமும் ஒரு எதிராளி. 1871 இன் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டப்படி பத்தாண்டு இடையூறின்றி, உரிமையாளருக்கு எதிராக ஆண்டு அனுபவித்தவருக்கு அந்த ஆட்சியே உரிமையாகிவிடும். போரால் தன் நிலத்துக்குத் திரும்ப முடியாதவர்களுக்காக 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் சேர்க்காதிருக்க 2016 இன் 5 ஆம் இலக்கச் சிறப்பு ஏற்பாடுகள் சட்டம் வந்தது. போருக்குப் பிறகு ஓடிய ஆண்டுகளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. கள்ள உறுதிக்காரன் வேலியடைத்துக் குடியிருக்கத் தொடங்கியபின், “உறுதிதான் பொய்யாச்சே” என்று சும்மா இருந்தால், உறுதி தோற்றாலும் ஆட்சி வென்றுவிடக் கூடும்.

இழப்பீடும் தவணையும்

குற்ற வழக்கில் எதிரி தண்டிக்கப்பட்டால் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு கொடுக்கும்படி நீதிமன்றம் கட்டளையிடலாம். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 17 ஆம் பிரிவில் அந்த அதிகாரம் உண்டு. கணினிக் குற்றச் சட்டத்தின் 14 ஆம் பிரிவு ஒருபடி மேலே போய், இழப்பு நிரூபிக்கப்பட்டால் தண்டனையோடு இழப்பீட்டுக் கட்டளையும் ஆக்கும்படி நீதிமன்றத்துக்கே சொல்கிறது. எவ்வளவு இழந்தேன் என்பதை வங்கிக் கூற்றோடு நிரூபிப்பது பாதிக்கப்பட்டவர் தலையில். 2023 இன் 10 ஆம் இலக்கச் சட்டம், குற்றத்தால் பாதிக்கப்பட்டவருக்கு வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று அறியும் உரிமையையும், அச்சுறுத்தலிலிருந்து பாதுகாப்பையும் தருகிறது. மோசடி செய்தவர் உறவினராகவோ அயலவராகவோ இருக்கும் வழக்குகளில் பின்னது சும்மா எழுதிய வரியல்ல.

சிவில் வழக்குக்குத் தவணை கடுமையானது. இன்னொருவரின் தவறால் ஏற்பட்ட நட்டத்துக்கு இரண்டு ஆண்டுக்குள் வழக்கிட வேண்டும். குற்ற வழக்கு முடியட்டும் என்று காத்திருப்பவர் இந்த இரண்டாண்டைத் தவறவிடுவதே வழமை. கொலை, தேசத்துரோகம் தவிர்ந்த குற்றங்களுக்கு அரசு இருபது ஆண்டுவரை வழக்கிடலாம்; பாதிக்கப்பட்டவரின் பணத்துக்கு இரண்டே ஆண்டு. சட்டத்தரணிக்குக் கட்டணம் கொடுக்க வழியில்லாதவர்களுக்கு 1978 இன் 27 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான சட்ட உதவி ஆணைக்குழு திருகோணமலையிலும் இயங்குகிறது. வருமானத்தைப் பார்த்து இலவசமாக ஆலோசனையும் வழக்காடலும் தருகிறது.

தகவலைக் கசியவிட்ட நிறுவனத்தைப் பிடிக்கும் வழி இன்னும் இளங்கன்று. 2022 இன் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒருவர் தன் தரவைத் திருத்தவும் அழிக்கவும் கோரும் உரிமையை எழுதி வைத்தது. மீறும் நிறுவனத்துக்கு ஒரு கோடி ரூபாய்வரை தண்டம் விதிக்க ஓர் அதிகாரசபையையும் அமைத்தது. நடைமுறைத் திகதிகள் தள்ளிப்போயின. 2025 இல் திருத்தமும் வந்தது. தண்டம் அரசுக்குப் போகும் பணம், ஐ.சி. கொப்பியைப் பறிகொடுத்தவருக்கு அல்ல.

வழக்கு வென்ற பின்னும் வேலை மீதமிருக்கிறது. கடன் போலியென்று தீர்ந்தால் தீர்ப்பின் உறுதிப்படுத்திய பிரதி கடன் கொடுத்த நிறுவனத்துக்கும், அதன் திருத்தம் கடன் தகவல் பணியகத்துக்கும் போயிருக்கிறதா என்று மறுபடியும் அறிக்கை எடுத்துப் பார்க்க வேண்டும். காணி உறுதி செல்லாதென்று தீர்ந்தால் அந்தத் தீர்ப்பாணையைக் காணிப் பதிவகத்தில் பதிய வேண்டும். நீதிமன்றம் அதைத் தானாக அனுப்பும் என்று இருந்துவிட்டால், அடுத்ததாக அந்தக் காணிக்கு விலை பேச வந்து பதிவேட்டைப் புரட்டுபவருக்குக் கள்ள உறுதி மட்டுமே தெரியும்.